நான் போடாத புள்ளடி

2005 ஜூலையில் கிழக்கு லண்டனில் ஒரு வங்கிக் கிளைக்கு எட்டாயிரம் பவுண் கடன் கேட்டுப் போனேன். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. சமாதான காலம்; யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்திருந்தது; சீமெந்தும் மரமும் போய்க்கொண்டிருந்தன. இப்போது செய்யாவிட்டால் பிறகு எப்போது என்று தம்பி ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான்.

வங்கியில் இருந்த பெண் மிகவும் அன்பாகத்தான் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கணினியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, மாதம் 206 பவுண் 57 பென்ஸ், ஐந்து வருடம், எல்லாப் பாதுகாப்பும் அதற்குள் அடக்கம் என்றார். நான் கையொப்பம் வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடி போட்டுத் தந்தார். வைத்தேன். காட்டிய இடத்தில் கையொப்பம் வைப்பது எங்களில் பலருக்குப் பழகிப்போன வேலை. அகதி விண்ணப்பத்தில் தொடங்கிய பழக்கம் அது. சட்டத்தரணி காட்டுவார், மொழிபெயர்ப்பாளர் காட்டுவார், கவுன்சில்காரர் காட்டுவார். "ஒருமுறை வாசித்துப் பார்க்கிறேன்" என்று சொன்னால் நம்முடைய கோப்பு அடியில் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு.

அப்போது நான் மினிகாப் ஓட்டிக்கொண்டிருந்தேன். சுயதொழில். ஓடினால் காசு, படுத்தால் இல்லை. அதனால் "பாதுகாப்பு" என்ற சொல் காதுக்கு இனிமையாகவே இருந்தது.

2008இல் படுத்தேன். முதுகெலும்புத் தட்டு விலகி நான்கு மாதம் வண்டி ஓட்ட முடியவில்லை. அந்தப் பாதுகாப்பு நினைவுக்கு வந்து வங்கிக்குத் தொலைபேசி எடுத்தேன். காப்புறுதிக் கம்பெனியிடமிருந்து படிவம் வந்தது. குடும்ப வைத்தியரும் தன் பகுதியை நிரப்பிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பதில். கடன் எடுப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள், 2005 பெப்ரவரியில், நான் முதுகுவலிக்காக வைத்தியரைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இது ஏற்கெனவே இருந்த நோய், காப்புறுதி செல்லாது. வங்கியில் யாராவது என்னிடம் முதுகுவலி இருக்கிறதா என்று கேட்டார்களா என்றால், இல்லை. அந்த நான்கு மாதத் தவணையை மனைவியின் சம்பளத்திலும் சீட்டுக் காசிலும் கட்டினோம். கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். கோபம் வரவில்லை. நமக்கு இப்படித்தான் நடக்கும் என்ற சலிப்புத்தான் வந்தது.

கடன் 2010இல் முடிந்தது. அடுத்த வருடம் செய்திகளில் எங்கு பார்த்தாலும் பிபிஐ. கடனோடு சேர்த்து விற்கப்பட்ட இந்தத் தவணைப் பாதுகாப்புக் காப்புறுதிக்கு அதுதான் பெயர். பழைய விற்பனைகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று கண்காணிப்பு அமைப்பு வகுத்த விதிகளை எதிர்த்து வங்கிகளின் சங்கம் வழக்குப் போட்டிருந்தது. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் அது தோற்றது. மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று மே மாதத்தில் கைவிட்டார்கள். அதன்பிறகு, அந்தக் காசைத் திருப்பி வாங்கித் தருகிறோம் என்ற கம்பெனிகளிடமிருந்து என் தொலைபேசிக்கு நாளுக்கு மூன்று குறுஞ்செய்தி. "உங்களுக்கு 3,000 பவுண் காத்திருக்கிறது." யாருக்கு எப்படி என் இலக்கம் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் வட்டாரத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணை ஒருவர் இருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு போட்டோப் பிரதி இயந்திரம். "தம்பி, நீர் ஒன்றும் செய்ய வேண்டாம், கையொப்பம் மட்டும் வையும்" என்றார். கிடைப்பதில் 25 சதவீதம் அவர் சார்ந்த கம்பெனிக்கு, அதற்கு மேல் வற் எனும் பெறுமதி சேர் வரி. அதாவது நூற்றுக்கு முப்பது. படிவத்தைப் பார்த்தால் அதிலும் பென்சில் புள்ளடி! வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

முதல் வேலை ஆவணங்களை எடுப்பது. அன்றைய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பத்து பவுண் கட்டணத்தோடு எழுதிக் கேட்டால், நம்மைப் பற்றி வைத்திருப்பதையெல்லாம் வங்கி நாற்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும். முப்பத்தெட்டாவது நாள் ஒரு தடித்த உறை வந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தபோதுதான் 206 பவுண் 57 பென்ஸ் என்பதற்குள் என்ன இருந்தது என்று புரிந்தது.

நான் கேட்டது 8,000. வங்கி கணக்கில் எழுதியது 9,840. இடையிலுள்ள 1,840 பவுண் ஐந்து வருடத்துக்கான காப்புறுதிக் கட்டணம். அதை மாதாமாதம் வாங்காமல் முதல் நாளிலேயே முழுதாகக் கடனோடு சேர்த்து, அந்தக் காப்புறுதிக் காசுக்கும் 9.9 சதவீத வட்டி போட்டிருந்தார்கள். கடனுக்கு மட்டும் என்றால் தவணை 167 பவுண் 94 பென்ஸ். மிச்சம் 38 பவுண் 63 பென்ஸ் இதற்கு. அறுபது மாதத்தில் 2,317 பவுண் 80 பென்ஸ். என் நண்பன் ஒருவன் இரண்டு தடவை கடனைப் புதுப்பித்து மேலதிகமாக எடுத்தவன். அவனுடைய பழைய காப்புறுதியின் மீதியும் புதுக் கடனுக்குள் போய், அதன் மேல் புதுக் காப்புறுதி ஏறியிருந்தது. இந்த ஒற்றைக் கட்டண வகையைக் கடைசியில் 2009இல் தடுத்தார்கள்.

என் மகள்தான் அந்தப் புள்ளடியைக் கண்டுபிடித்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் இரண்டு சதுரங்கள்: காப்புறுதி வேண்டும், வேண்டாம். "வேண்டும்" என்ற சதுரத்தில் புள்ளடி இருந்தது. "அப்பா, இது பேனாவால் போட்டது இல்லை" என்றாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என் பெயரும் முகவரியும் எந்த எழுத்தில் அச்சாகியிருந்தனவோ, அதே எழுத்தில், அதே மங்கிய மையில், சதுரத்தின் நட்டநடுவில் நேராக இருந்தது. நான் மேசைக்கு வரும்முன்பே இயந்திரம் எனக்காக முடிவெடுத்துவிட்டது. அதே பக்கத்தின் மேலே, "தொழில்: சுயதொழில், வாடகைக் கார் சாரதி" என்றும் அச்சாகியிருந்தது. காப்புறுதி நிபந்தனைகளின்படி சுயதொழில்காரர் வேலையிழப்புக்குக் காசு கேட்க வேண்டுமானால், தொழிலையே அடியோடு மூடி, அதை வரித் திணைக்களத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். ஓட்டம் குறைந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. நோய்க்கும் இல்லை, வேலையிழப்புக்கும் அநேகமாக இல்லை என்றால், எனக்கு விற்றது என்னதான்?

நான் நான்கு பக்கம் எழுதினேன். அம்மாவின் கூரை, முதுகுவலி, சீட்டுக் காசு எல்லாம் இருந்தன. மகள் ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக்கினாள். கூரையை வெட்டியதில் எனக்கு வருத்தம். "அவர்களுக்கு எதற்கு அப்பம்மாவின் கூரை?" என்றாள். மிஞ்சியவை மூன்றே செய்திகள்: புள்ளடி நான் போட்டதல்ல, நான் சுயதொழில் என்று உங்களுக்குத் தெரியும், உடல்நலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வைத்தியரின் பதிவையும் 2008ஆம் ஆண்டு மறுப்புக் கடிதத்தையும் இணைத்து, 2011 நவம்பரில் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

வங்கிக்கு எட்டு வாரம் அவகாசம். ஏழரை வாரத்தில் "இறுதிப் பதில்" வந்தது. வாடிக்கையாளர் தாமே தெரிவு செய்தார், விருப்பத்துக்குரியது என்று விளக்கப்பட்டது, முறைப்பாடு நிராகரிக்கப்படுகிறது. என் பெயரை எடுத்துவிட்டால் யாருக்கும் அனுப்பக்கூடிய கடிதம். ஆனால் அடியில் ஒரு வரி இருந்தது: ஆறு மாதத்துக்குள் நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்கு, அதாவது வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கை விசாரிக்கும் சுயாதீன அமைப்புக்கு, போகலாம். பலபேர் அந்த முதல் மறுப்போடு நின்றுவிட்டார்கள். என் மாமா ஒருவர் "வங்கியே இல்லை என்று எழுதிவிட்டதே" என்று கடிதத்தைக் கிழித்தே போட்டார்.

ஒம்புட்ஸ்மனுக்குக் கட்டணம் இல்லை. அவர்களுக்கென்று ஒரு கேள்விக்கொத்து உண்டு. அதை நிரப்ப ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று. எங்கே வைத்து விற்றார்கள், யார் முதலில் பேச்சை எடுத்தது, வேலையிடத்தில் நோய்க்காலச் சம்பளம் உண்டா, சேமிப்பு இருந்ததா. தெரியாததற்குத் தெரியாது என்றே எழுதினேன். வங்கியில் இருந்த பெண் "காப்புறுதி எடுக்காவிட்டால் கடன் கிடைக்காது" என்று சொன்னாரா என்று ஒரு கேள்வி. சொன்னார் என்று எழுதினால் வழக்குப் பலமாகும் என்று மேசைக்கார அண்ணை ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தார். வங்கிப் பெண் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்று எழுதினேன்.

பிறகு காத்திருப்பு. 2012–13 நிதியாண்டில் மட்டும் பிபிஐ பற்றி மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் அங்கே குவிந்தனவாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை "இன்னும் வரிசையில் இருக்கிறீர்கள்" என்று கடிதம் வரும். வரிசையில் நிற்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2013 மே மாதம், விமான நிலையத்தில் பயணி ஒருவருக்காகக் காத்திருந்தபோது அழைப்பு வந்தது. ஒம்புட்ஸ்மன் சேவையில் என் வழக்கைப் பார்க்கும் பெண். 2005 பெப்ரவரியில் வைத்தியர் என்ன மருந்து தந்தார், அதற்குப் பிறகு எத்தனை நாள் ஓடவில்லை, ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காசில்லை என்ற விலக்கு முன்பே தெரிந்திருந்தால் எடுத்திருப்பீர்களா என்று கேட்டார். ஐந்து நிமிடம்கூட இல்லை. இரண்டு வாரத்தில் அவருடைய முடிவு எழுத்தில் வந்தது: எனக்குப் பொருந்தாத காப்புறுதி, முக்கிய விலக்குகள் தெளிவாகச் சொல்லப்பட்டதற்குச் சான்று இல்லை, வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் பெரிதாக நினைத்திருந்த புள்ளடிக்கு அதில் ஒரேயொரு வாக்கியம்தான்! என்னை விடுவித்தது அந்தப் பழைய முதுகுவலிப் பதிவு. அன்று மாத்திரை வாங்கப் போகாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

வங்கி மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கட்டிய 2,317 பவுண் 80 பென்ஸோடு, ஒவ்வொரு தவணைக்கும் கட்டிய நாளிலிருந்து 8 சதவீதத் தனிவட்டி, 1,012 பவுண் 10 பென்ஸ். அந்த வட்டியில் 20 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு ஜூலையில் 3,127 பவுண் 48 பென்ஸுக்குக் காசோலை அனுப்பினார்கள். வரி பிடித்ததைக் கண்டு பதற வேண்டாம். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவர்கள் ஆர்40 படிவத்தை அனுப்பி அதைத் திருப்பிப் பெறலாம் என்றிருந்தது. வேலையில்லாமல் இருந்த என் மைத்துனி அப்படிப் பெற்றார். நான் வரி கட்டுகிறவன், எனக்கு அது இல்லை.

மேசைக்கார அண்ணையிடம் போயிருந்தால் இதில் 938 பவுண் போயிருக்கும். அந்தக் கணக்கையும் மகள்தான் போட்டாள். போட்டுவிட்டு, "எனக்கு 25 சதவீதம், வற் வேண்டாம்" என்றாள். ஒரு மடிகணினியோடு பேரம் முடிந்தது.

மனைவியின் கடன் அட்டையோடும் இதே காப்புறுதி இருந்தது. அந்தக் கதை வேறு. அவர் பராமரிப்பு இல்லத்தில் நிரந்தர வேலை, உடல்நலக் குறை எதுவும் இல்லை, விண்ணப்பத்தை வீட்டிலிருந்து பேனாவால் தானே நிரப்பியவர். என் வெற்றியைப் பார்த்து அவரும் முறையிட்டார். வங்கியும் மறுத்தது, ஒம்புட்ஸ்மனும் மறுத்தார். சரி என்று விட்டுவிட்டோம்.

2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிளெவின் வழக்கில் தீர்ப்பளித்தது. விரிவுரையாளர் ஒருவரிடம் காப்புறுதிக்கென்று வாங்கிய 5,780 பவுணில் 71.8 சதவீதம் விற்றவர்கள் எடுத்துக்கொண்ட தரகுப் பணம். அதை அவரிடம் மறைத்தது நியாயமற்ற உறவு என்றது தீர்ப்பு. அதன் பின்னர், தரகு காப்புறுதிக் கட்டணத்தில் பாதிக்கு மேல் இருந்தால் மேலதிகமானதைத் திருப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஏற்கெனவே மறுக்கப்பட்டவர்களுக்கும் வங்கிகள் எழுத வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று அறிவித்து, ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்னேக்கரின் தலை மட்டும் சங்கிலிச் சில்லுகளில் ஓடித் திரிந்து கத்தும் விளம்பரம் தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருந்த காலத்தில், 2018இல், மனைவிக்கும் ஒரு கடிதம் வந்தது. அவருடைய காப்புறுதியிலும் தரகு பாதிக்கு மேல்தான். பதில் எழுதினார். 146 பவுண் வந்தது.

மனைவி வங்கியின் இலக்கத்துக்குத் தானே தொலைபேசி எடுத்தார். காசோலை கிடைத்தது, நன்றி, ஒரு சந்தேகம் என்றார்: "அப்படியென்றால் பாதிவரை எடுத்தால் குற்றமில்லையா?" மறுமுனையில் இருந்த பையன் விதியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். "அது விளங்குகிறது தம்பி, நான் கேட்டது வேறு" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.