வர்ஜீனியா சட்டசபையும் எங்க தெரு நேவி குடும்பங்களும்

வர்ஜீனியா பீச்சுல வாடகைக்கு வீடு எடுத்தப்ப லீஸ் பேப்பரோட இன்னொரு தாள்லயும் கையெழுத்து வாங்குனாங்க, இது போர் விமானச் சத்தம் வர்ற ஏரியா, தெரிஞ்சுதான் வர்றீங்கன்னு. இந்த ஸ்டேட் சட்டப்படி வீட்டுக்காரர் அதை முன்னாடியே சொல்லியாகணும். இங்க இருக்கற ஓஷியானா நேவி விமானத் தளத்துல இருந்து ஜெட் கிளம்புனா போன்ல பேசிட்டிருக்கறவங்க ரெண்டு பேரும் கம்முனு இருக்க வேண்டியதுதான்.

பக்கத்துலயே நார்ஃபோக், உலகத்துலயே பெரிய கடற்படைத் தளம் அங்கதான், அதனால நம்ம ஐடி வேலைக்கு வந்திருந்தாலும் நேவி குடும்பங்களோட பழகாம இந்த ஊர்ல இருக்க முடியாது. பக்கத்து வீட்டம்மா அவங்க வீட்டுக்காரர் கப்பலுக்கு ஆம்புட்ஸ்மேன். அதாவது கப்பல்ல இருக்கறவங்க குடும்பத்துக்கும் கமாண்டருக்கும் நடுவுல தகவல் சொல்றவங்க, சம்பளம் கிடையாது, 1970ல அட்மிரல் சும்வால்ட் கொண்டு வந்த ஏற்பாடு. யார் வீட்டுல குழந்தைக்கு ஜுரம், யார் வீட்டுல கரண்ட் பில் கட்டல, எல்லாம் அவங்க போனுக்குத்தான் வரும். கப்பல் எப்ப திரும்பும்னு தெரிஞ்சாலும் வாயைத் திறக்கக்கூடாது, ஃபேஸ்புக்ல போடவே கூடாது. தேதி மாறிக்கிட்டே வேற இருக்கும், ஐசன்ஹோவர்ங்கற விமானந்தாங்கிக் கப்பல் 2023 அக்டோபர்ல போனது, செங்கடல்ல ஹூத்தி ட்ரோன், மிசைல்னு சமாளிச்சுட்டு 2024 ஜூலையிலதான் வந்துச்சு.

இந்தம்மா வீட்டுக்காரரோட கப்பல் வேற, முன்னாடியே திரும்பிடுச்சு. அது வந்தப்புறம் ஸ்டேட் தலைநகர் ரிச்மண்ட்ல சட்டசபையில பாராட்டுத் தீர்மானம் போட்டாங்க, மாலுமிகளுக்கும் குடும்பங்களுக்கும் சேர்த்து. இவங்களும் போய் கேலரில உக்காந்திருந்தாங்க, பேரைச் சொன்னதும் கீழ மெம்பருங்க எல்லாம் எழுந்து நின்னு கைதட்டுனாங்களாம். அப்புறம் ஃப்ரேம் போட ஒரு காப்பி. இந்த மாதிரி தீர்மானத்துக்கு கவர்னர் கையெழுத்து வேண்டாம், சட்டமும் ஆகாது, பைசாவும் வராது. ஒரு செஷனுக்கு இப்படி நூத்துக்கணக்குல போகும், ஜெயிச்ச ஸ்கூல் டீமுக்கு, ரிட்டயர் ஆன டீச்சருக்குன்னு, மொத்தமா ஒரே குரல் ஓட்டுல பாஸ் பண்ணிடுவாங்க.

எனக்கு இதுல பெரிய மரியாதை இல்ல, சொல்லிடறேன். நம்மூர்ல பாக்காத பாராட்டுத் தீர்மானமா. அதுவும் இதே சபை 2024 பட்ஜெட்ல என்ன பண்ணுச்சு, ராணுவ சேவையில இறந்தவங்க, ரொம்ப மோசமா ஊனமானவங்க இவங்க பிள்ளைங்களுக்கும் மனைவிக்கும் காலேஜ் ஃபீஸ் தள்ளுபடி தர்ற திட்டத்துல கட்டுப்பாடு போட்டுச்சு. செலவு ஏறிக்கிட்டே போகுது, காலேஜ்களால தாங்க முடியலன்னு காரணம் சொன்னாங்க, அது பொய்யும் இல்ல. ஆனா குடும்பங்க சும்மா விடல, ரிச்மண்டுக்குப் படையெடுத்தாங்க, ஜூலையில திரும்பக் கூடி கட்டுப்பாட்டை எடுத்துட்டு கூடுதலா காசு ஒதுக்க வேண்டியதாச்சு.

இதை அந்தம்மாகிட்ட கேட்டேன், பேப்பர் குடுத்தா போதுமான்னு. அவங்க சிரிச்சாங்க. வீட்டுக்காரருக்கு யூனிஃபார்ம்ல நெஞ்சு நிறைய மெடல் ரிப்பன் இருக்கு, எனக்கு இத்தனை வருஷத்துல கவர்மென்ட் குடுத்த ஒரே பேப்பர் இதுதான், ஊர் ஊரா மாறுனதுல நர்ஸ் வேலையும் விட்டுப் போச்சுன்னாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது. அப்புறம் அவங்களே, அன்னிக்கு கைதட்டுன டெலிகேட்டோட, அதாவது கீழ்ச்சபை மெம்பரோட ஆபீஸ் நம்பர் வாங்கிட்டுதான் வந்தேன், காலேஜ் ஃபீஸ் கலாட்டாவுல தினம் அந்த நம்பருக்குத்தான் அடிச்சேன், எங்க முகம் தெரியும்ல, எடுக்காம இருக்க முடியுமான்னாங்க.

ஜனவரி ரெண்டாவது புதன்கிழமை அடுத்த செஷன் ஆரம்பிக்குது. நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன், எச்1பிக்காரனுக்கு ஓட்டுதான் கிடையாது, கேலரில உக்கார யாரும் விசா கேக்கறதில்ல.