வாக்கியம் ஒரு நிரூபணமாகும்போது

மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணிதவியலாளர் யோக்கிம் லாம்பெக் 1958இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றை நான் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன். ஒரு சொற்றொடர் இலக்கணப்படி சரியானதா என்ற கேள்வியை, அதற்கு நிரூபணம் உண்டா என்ற கேள்வியாகவே அவர் மாற்றிவிட்டார்.

அவருடைய முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வகை உண்டு. ஆங்கிலத்தின் செயப்படுபொருள் குன்றா வினை, வலப்புறம் ஒரு பெயரும் இடப்புறம் ஒரு பெயரும் கிடைத்தால் வாக்கியமாகிவிடுவேன் என்று தன் வகையிலேயே அறிவிக்கிறது. ‘அ எனில் ஆ’ என்பதோடு ‘அ’வும் கிடைத்தால் ‘ஆ’ கிடைக்கும் என்னும் பழைய தருக்க விதியே இங்கே சொற்களை இணைக்கிறது. ஆனால் வழக்கமான தருக்கத்தில் ஒரு முற்கோளை, அதாவது நிரூபணத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் கூற்றை, இருமுறை பயன்படுத்தலாம், பயன்படுத்தாமல் விடலாம், வரிசையையும் மாற்றலாம். வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் ஒரே ஒருமுறை கணக்கில் வரவேண்டும் என்பதால், லாம்பெக் இம்மூன்றையும் தடுத்தார். முதல் இரண்டு தடைகளை மையமாகக் கொண்ட நேரியல் தருக்கம் 1987இல்தான் வந்தது என்பதை நினைக்கையில் என் வியப்பு அடங்குவதில்லை.

வரிசைத் தடைதான் தமிழில் இடறுகிறது. ‘கண்ணன் பாடத்தைப் படித்தான்’, ‘பாடத்தைக் கண்ணன் படித்தான்’ என்னும் இரண்டும் சரியே. செய்தவர் யார், செய்யப்பட்டது எது என்பதை இங்கே வேற்றுமையே காட்டுகிறது, சொல் நிற்கும் இடம் அன்று. வரிசைக்கு ஒன்றாக வினைக்கு இரண்டு வகைகளைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றாலும், அது எனக்கு நிறைவு தரவில்லை. வேற்றுமைக்கேற்ப வகை பெற்ற பெயர்களுக்கு மட்டும் இடமாற்றத்தை அனுமதிப்பதே மொழிக்கு நெருக்கமான வழி என்று கருதுகிறேன்.