பாம்பன் கடலில் ஜிபிஎஸ் தடுமாறினால்

பாம்பன் குந்துகால் துறையில் ஏறி, குருசடைத் தீவை ஒட்டி வந்து, பாலங்களுக்கு அடியில் புகுந்து பாக் விரிகுடாவுக்குள் நுழையும் படகுப் பாதை நீளத்தில் சின்னதுதான். ஆனால் கையடக்க ஜிபிஎஸ் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று பார்க்க வேண்டுமானால் இதைவிட வசதியான இடம் கிடைப்பது கடினம். இரும்புப் பாலம், இழுக்கும் நீரோட்டம், இடம் மாறும் மணல் திட்டு, தலைக்கு மேலே காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானம் என்று அத்தனையும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடுகின்றன. (குருசடையில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன.)

கருவி தப்பாகக் காட்டினால் உடனே செயற்கைக்கோளைத் திட்டுவது வழக்கம். அதற்கு முன் எவ்வளவு தப்பு என்று அளந்து பாருங்கள். 5 மீட்டர் தப்புக்கு ஒரு காரணம், 25 மீட்டருக்கு வேறு, 200க்கும் 600க்கும் முற்றிலும் வேறு. அளவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அளப்பதைத் துறையிலேயே செய்யலாம். கட்டிடம், கொட்டகை எதுவும் மறைக்காத இடத்தில் கருவியை வைத்து 15 நிமிடம் விடுங்கள். நீண்ட நாள் அணைந்து கிடந்த கருவிக்கு இது கட்டாயம். எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்று சொல்லும் பட்டியல் முழுதாக இறங்க 12.5 நிமிடம் ஆகும். பிறகு அந்த இடத்தைப் புள்ளியாகக் குறித்து, செயற்கைக்கோள் படத்தில் துறையின் மூலையோடு ஒப்பிடுங்கள். 10 மீட்டருக்குள் இருந்தால் கருவி நலம். திரையில் வரும் 'துல்லியம் 3 மீ' என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது கோள்களின் நிலையையும் சிக்னல் பலத்தையும் வைத்துக் கருவி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். தப்பான அமைப்பை வைத்திருந்தாலும் அது 3 மீட்டர் என்றே சொல்லும்.

சில நூறு மீட்டர் தப்பு என்றால் பெரும்பாலும் எண்ணை எழுதிய விதம்தான் காரணம். ஒரே இடத்தைப் பாகை தசமமாகவும், பாகை–நிமிட தசமமாகவும், பாகை–நிமிடம்–விநாடியாகவும் எழுதலாம். 17.50 நிமிடம் என்பது 17 நிமிடம் 30 விநாடி. அதை 17 நிமிடம் 50 விநாடி என்று அழுத்திவிட்டால் 20 விநாடி கூடிவிடுகிறது. அட்சரேகையில் ஒரு விநாடி ஏறத்தாழ 31 மீட்டர். ஆக 600 மீட்டருக்கு மேல் போயிற்று.

இந்தக் கடலில் இது வெறும் கணக்கு இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1974இல் ஒப்புக்கொண்ட எல்லைப் புள்ளிகள் நிமிட தசமத்தில் இருக்கின்றன. மூன்றாவது புள்ளி 9° 40.15' வடக்கு, 79° 22.60' கிழக்கு. நான்காவது 9° 21.80' வடக்கு, 79° 30.70' கிழக்கு. விநாடி முறையில் வைத்த கருவியில் நான்காவதை அழுத்தினால் 80 விநாடி என்று ஒன்று கிடையாது என்பதால் கருவி ஏற்காது, அது நல்லது. மூன்றாவதன் தீர்க்கரேகையில் வரும் 60 விநாடியையும் அப்படித்தான் ஏற்காது. அதன் அட்சரேகையான 40.15 தான் ஆபத்து. 40 நிமிடம் 15 விநாடி என்று சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு, அட்சரேகையை 185 மீட்டர் வடக்கே தள்ளிவிடும். ஆகவே 'பொசிஷன் ஃபார்மேட்' பக்கத்தில் நிமிடமும் மூன்று தசமமும் உள்ள முறையைத் தேர்ந்து அப்படியே விட்டுவிடுங்கள். மூன்றாம் தசமத்தின் ஓர் எண் 1.85 மீட்டர், கடலுக்கு அது தாராளம். அடுத்த படகிலிருந்து பாயிண்ட் வாங்கும்போது வாயால் கேட்டு எழுதுவதைவிட அவர்களது திரையைப் படம் எடுத்துக்கொள்வது மேல். எண்ணோடு முறையும் படத்தில் வந்துவிடும்.

200 மீட்டர் சுமாருக்கு எப்போதும் ஒரே பக்கமாக விலகினால் 'மேப் டேட்டம்' பக்கத்துக்குப் போங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையைப் பூமியின் எந்த மாதிரியை வைத்து அளப்பது என்று சொல்வதுதான் டேட்டம். ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. பழைய இந்திய நிலவரைபடங்கள் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தில் வரையப்பட்டவை. தமிழ்நாட்டின் தென்கோடியில் இரண்டுக்கும் இடையே 200 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். சில கருவிகளின் பட்டியலில் 'இந்தியன்' என்று தொடங்கும் பெயர்கள் உண்டு. நம் நாட்டுப் பெயர்தானே என்று அதைத் தேர்வதுதான் வழக்கமான விபத்து; அவற்றில் ஒன்று வங்கதேசத்துக்கானது, இன்னொன்று தாய்லாந்துக்கானது. டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றிய பின்னும் வேலை முடியவில்லை. தப்பான டேட்டத்தில் இருந்தபோது கையால் அழுத்திய புள்ளிகள் தப்பான இடத்திலேயே நிற்கும். அவற்றை அழித்து மறுபடி அழுத்த வேண்டும். கருவி தானே நின்று குறித்த புள்ளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. காகிதக் கடல் வரைபடம் பயன்படுத்தினால் தலைப்பை ஒட்டிய குறிப்பைப் படியுங்கள். செயற்கைக்கோள் இருப்பிடத்தை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தி வரைய வேண்டும் என்று பழைய தாள்களில் அச்சிட்டிருப்பார்கள்.

அரிச்சல்முனைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே படகு மணல் மேல் ஓடுவதாகத் திரை காட்டினால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். முனையும் ஆதம் பாலத்துத் திட்டுகளும் பருவக் காற்றுக்கேற்ப வடிவம் மாறுகின்றன. படத்திலுள்ள கரை பழையது.

இனி 25 மீட்டர், 50 மீட்டர் தாவல்கள். பாலத்துக்கு அடியில் இதுதான் நடக்கும். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் கான்கிரீட் வானத்தை மறைக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி எஃகு. சிக்னல் அதில் பட்டுத் தெறித்து, சுற்றி வந்து சேரும்போது கருவி தூரத்தைக் கூட்டிக் கணக்கிட்டு உங்களைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். பாலத்தைத் தாண்டி இருநூறு மீட்டர் போகும்வரை எந்தப் புள்ளியும் குறிக்காதீர்கள். சாலை வரைபடம் ஏற்றிய கருவி என்றால் 'லாக் ஆன் ரோடு' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைக்காவிட்டால் படகைத் தூக்கிப் பாலத்தின் மேல் பேருந்துகளோடு ஓட விடும்.

'பேட்டரி சேவ்' இன்னொரு காரணம். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் படகு விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது. கருவி ஐந்து விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது என்றால் திரையில் நீங்கள் 25 மீட்டர் வரை பின்னால். பேட்டரியை மிச்சம் பிடிப்பதைவிட இரண்டு ஏஏ செல் கூடுதலாக வாங்கி வைப்பதே என் பரிந்துரை.

நங்கூரத்தில் நிற்கும்போது புள்ளி நகர்கிறது என்ற புகாரும் இந்த அளவில்தான் வரும். 25 மீட்டர் கயிறு விட்டிருந்தால், காற்று சோழகத்திலிருந்து (தென்காற்றிலிருந்து) மாறும்போதோ நீரோட்டம் திரும்பும்போதோ படகு நங்கூரத்தின் மறுபக்கம் போய்விடும். கிட்டத்தட்ட 50 மீட்டர். கருவி சரியாகத்தான் சொல்கிறது, படகுதான் போனது. நங்கூரம் விழுந்த இடத்தை, போட்ட கணத்தில் அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று குறித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

திசைக் குறியும் இப்படித்தான். ஜிபிஎஸ் காட்டுவது படகு நகரும் திசை, அணியம் பார்க்கும் திசை அல்ல. பாம்பன் கால்வாயில் நீரோட்டம் பலமாகக் குறுக்கே இழுக்கும்போது இரண்டும் நன்றாகவே பிரிந்து நிற்கும். வேகம் 1 நாட் அளவுக்கும் கீழே குறைந்தால் அந்தக் குறி இஷ்டத்துக்குச் சுழலும். அதைப் பார்க்கவே வேண்டாம்.

மிஞ்சியது 5 முதல் 20 மீட்டர் வரையிலான அலைவு. கருவியை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மனித உடம்பையோ தண்ணீரையோ தாண்டாது. சட்டைப் பையிலோ ஈரத்துண்டுக்கு அடியிலோ ஐஸ் பெட்டி இடுக்கிலோ வைத்தால் பாதி வானம் போய்விடும். ஃபைபர் கூரை பரவாயில்லை. தகரக் கூரையும் அலுமினிய அறையும் கூடாது. தலையில் கட்டையான ஆன்டெனா நிற்கும் வகையை நிமிர்த்தி வையுங்கள். ஆன்டெனா வெளியே தெரியாத தட்டை வகையைத் திரை வானம் பார்க்கப் படுக்க வையுங்கள்.

இடம் சரியாக இருந்தும் மதியத்தில் அலைவு கூடினால் காரணம் அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மின்னேறிய மேலடுக்கு. பிற்பகல் 2 மணியை ஒட்டி அது சிக்னலை அதிகம் தாமதப்படுத்துகிறது. நம் பகுதி காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் பாதிப்பு இன்னும் கூடும். ஒற்றை அதிர்வெண் கருவிக்குள் இருக்கும் திருத்தம் ஏறக்குறைய பாதியைத்தான் நீக்கும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில் சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு வரை வேறொரு தொல்லை உண்டு: சிக்னல் மினுங்கி, கோள்கள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போகும். சூரியக் கறைகள் மிகுந்த ஆண்டுகளில் இது கடுமை. எல்1, எல்5 என்ற இரண்டு அதிர்வெண்களையும் வாங்கும் கருவி தாமதத்தைத் தானே அளந்து கழித்துவிடும். மினுங்கலுக்கு அதனிடமும் முழு மருந்து இல்லை.

தாமதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது ககன், செயற்கைக்கோள் வழியே திருத்தம் அனுப்பும் இந்தியச் சேவை. மெனுவில் அந்தப் பெயர் இருக்காது. 'வாஸ்' என்றோ 'எஸ்பிஏஎஸ்' என்றோ இருப்பதை இயக்குங்கள். கோள் பக்கத்தில் 40, 41, 45 என்ற எண்களில் ஏதாவது ஒன்று தென்பட்டு, மற்றக் கோள்களின் சிக்னல் பலம் காட்டும் கட்டைகளில் 'டி' எழுத்து விழுந்தால் திருத்தம் வருகிறது என்று பொருள்.

எல்லாம் சரியாக இருந்து, ஒரு குறிப்பிட்ட படகில் மட்டும் சிக்னல் விழுந்தால் படகின் மின்சாரத்தைச் சந்தேகிக்கவும். மலிவான யுஎஸ்பி சார்ஜர், எல்இடி விளக்கு, அருகில் பேசும் விஎச்எஃப் ரேடியோ என்று ஒவ்வொன்றாக அணைத்துக் கட்டைகளைக் கவனியுங்கள். 2001இல் கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் துறைமுகம் முழுக்க ஜிபிஎஸ் படுத்தது. தேடிப் பார்த்தால் படகுகளில் மாட்டியிருந்த டிவி ஆன்டெனா பெருக்கிகள்தான் காரணம்.

பழைய கருவி 19 ஆண்டு 7 மாதம் பின்னால் ஒரு தேதியைக் காட்டினால் அது ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரம் முடிந்து மறுபடி பூஜ்யத்துக்குச் சுழன்றதன் விளைவு; கடைசியாக 2019 ஏப்ரலில் நடந்தது. இருப்பிடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதில் வரும் ஓதம், நிலவு நேரங்களை நம்பிக் கால்வாயில் நுழைய வேண்டாம். 'டெமோ மோடு' (செயற்கைக்கோள் இல்லாமலே காட்டும் மாதிரி ஓட்டம்) இயங்குகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் படகு நகர்ந்தாலும் நகராவிட்டாலும் கோள்கள் அனைத்தும் அழகாக நிறைந்திருக்கும்.