செரெங்கெட்டியில் முன்னே செல்லும் வரிக்குதிரைகள்

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குச் செல்பவர்களில் பலர், மாரா ஆற்றை விலங்குகள் கடக்கும் காட்சிக்காக ஆகஸ்ட் வாக்கில் பயணத்தை வைத்துக்கொள்கிறார்கள். நான் மே மாத இறுதியில், நீண்ட மழைப் பருவம் ஓயும் தறுவாயில் சென்றேன். முதலைகளின் வேட்டையைக் காட்டிலும், இடம்பெயரும் கூட்டங்களில் எது முன்னே போகிறது, எது பின்னே வருகிறது, ஏன் என்பதையே காண விரும்பினேன்.

பூங்காவின் நடுப்பகுதியிலுள்ள செரோனேராவிலிருந்து மேற்கே செல்லும் பாதையில், முழங்காலுக்கு மேல் வளர்ந்த புல்லுக்குள் முதலில் தென்பட்டவை வரிக்குதிரைகள். அவற்றில் ஒன்று வண்டிக்கு வெகு அருகில் நின்று, முற்றி மஞ்சளித்த தண்டுகளை மேல், கீழ் முன்பற்களுக்கு இடையில் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது. வரிக்குதிரை அசைபோடும் விலங்கு அன்று. அதன் உணவு பின்குடலில் நொதித்து விரைவாக வெளியேறிவிடுவதால், சத்துக் குறைந்த தண்டையும் நிறையத் தின்று அதனால் காலம் தள்ள முடிகிறது. மாட்டு முகமும் தாடியும் கொண்ட வில்டபீஸ்ட் அசைபோடும் இனம். மேல் முன்பற்கள் இல்லாத அகன்ற வாயால் குட்டையான, இலை மிகுந்த புல்லை வாரி மேய்வதே அதற்கு ஏற்றது. கடைசியில் வரும் தாம்சன் சிறுமானோ, குறுகிய வாயால் புதுத் தளிரையும் சிறு செடிகளையும் தேடித்தேடிக் கொறிக்கிறது.

“வரிக்குதிரை பந்தி விரித்துவிட்டுப் போகும், மற்றவை வந்து உட்காரும்” என்ற பொருளில் எங்கள் வழிகாட்டி விளக்கினார். 1960களிலும் 1970களிலும் ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்தும் ஏறத்தாழ இதுதான். கேட்க இனிமையாக இருந்தாலும், ரிண்டர்பெஸ்ட் எனும் மாட்டுக் கொள்ளைநோயின் வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை என்பது என் எண்ணம். 1890களில் ஆப்பிரிக்காவைச் சூறையாடி, மாடுகளோடு வில்டபீஸ்ட்களையும் கொன்ற அந்த நோய், சுற்றுப்புறக் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்ட பின் செரெங்கெட்டியை விட்டு அகன்றது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள், 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தை எட்டின. அந்த நோய்க்கு ஆட்படாத வரிக்குதிரைகளின் எண்ணிக்கையோ சுமார் 2 லட்சம் என்ற அளவிலேயே நின்றது. முன்னே சென்று புல்லைச் சீர்செய்யும் வரிக்குதிரை பெருகாமலேயே வில்டபீஸ்ட் ஐந்து மடங்கானது என்றால், அந்த உதவியை அது பெரிதாக நம்பியிருக்கவில்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைகள், தானியங்கிக் கேமராக்கள், சாணத்திலுள்ள தாவர மரபணுக்கள் ஆகியவற்றை ஒருசேர ஆராய்ந்த அக்குழு, வில்டபீஸ்ட் கூட்டம் வந்தால் புல் தீர்ந்துவிடும் என்பதாலேயே வரிக்குதிரைகள் முன்னே தள்ளப்படுகின்றன என்றும், மேய்ந்த இடத்தில் மீண்டும் துளிர்ப்பதை நாடிச் சிறுமான்கள் பின்தொடர்கின்றன என்றும் கண்டது. ஆக, முன்பாதி போட்டி, பின்பாதி உதவி. உதவுவது வரிக்குதிரை அன்று, ஊரையே மொட்டையடித்துவிட்டுப் போகும் வில்டபீஸ்ட்தான் என்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவும் இருந்தது.

பின்னொரு காலையில், கூட்டம் கடந்துபோயிருந்த ஒரு வெளியில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். தரையை ஒட்டி வெட்டுண்ட புல்லின் அடிக்கட்டைகளிலிருந்து விரல் நீளத்துக்குப் பசுந்தளிர்கள் கிளம்பியிருந்தன. வாலை ஓயாமல் ஆட்டியபடி சிறுமான்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தன. அருகிலேயே மேயாமல் விடப்பட்ட உயரப் புல்லின் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இந்த வரிசையைக் காண விரும்புவோர் மே, ஜூன் மாதங்களில் செரோனேராவையும் பூங்காவின் மேற்குப் பகுதியையும் தேர்ந்தெடுப்பது நல்லது. மாரா ஆற்றங்கரையில் வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் கலந்து நெருக்கியடிப்பதால் முன்பின் புலப்படாது. தாம்சன் சிறுமான்களில் பெரும்பகுதி அவ்வளவு வடக்கே வருவதும் இல்லை.