எலும்பு முறியவில்லையென்றால் வீட்டுக்குப் போகலாமாம்!

அம்மாவுக்கு 76 வயது. ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக விழுந்தார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதும், "தினமும் நடக்கச் சொல்லுங்கள்" என்று எலும்பு மருத்துவர் அனுப்பிவைத்துவிட்டார். எதனால் திரும்பத் திரும்ப விழுகிறார் என்று ஒரு கேள்வி கிடையாது.

நடை மட்டும் போதாது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது தசை வலுவுக்கும் சமநிலைக்கும் சேர்த்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதினார்.

சீட்டோடு கவுன்டருக்குப் போனால், "துறை முத்திரை இல்லை" என்றார் குமாஸ்தா, தலையைக்கூட நிமிர்த்தாமல். மாடி ஏறிப் பார்த்தால் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) பூட்டியாகிவிட்டது. மும்பையில் எங்கள் செம்பூர் ஆட்டோ சயானைத் தாண்டாது. அங்கே இறங்கி டாக்சி மாற வேண்டும். கால் நடுங்குகிற அம்மாவை அப்படி ஏற்றி இறக்கி அழைத்துப் போனவளுக்குத்தான் ஒரு முத்திரையின் விலை தெரியும். மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருமுன் கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி போனோம். முட்டியில் சூடு கொடுக்கும் மெஷினை வைத்தார்கள். அம்மா முட்டி வலி என்று சொல்லவே இல்லை! பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கும் பயிற்சிகள் அச்சிட்ட ஜெராக்ஸ் தாள். சமநிலையை நின்றுதானே பழக வேண்டும் என்று நான் குரலை உயர்த்திய பிறகு, ஒரு பயிற்சி மாணவி எழுந்து வந்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டாம். அம்மாவுக்கு 19. ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்து 10 வினாடி நிற்கவும் முடியவில்லை. படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையைக் கவனிக்க வேண்டுமாம். நல்லவேளை, அம்மாவுக்கு இறங்கவில்லை.

அவர் கற்றுக்கொடுத்தது நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான முறை: கணுக்காலில் எடை கட்டிக் கால் தூக்குவது, குதிகாலை உயர்த்துவது, பக்கவாட்டில் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. வாரத்துக்கு 3 நாள், அரைமணி நேரம். நடை இதற்குப் பதில் அல்ல, இதற்கு மேல்.

வீட்டில் வேறு பாடு. பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்குகிறது. கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிடித்துக்கொள்ளச் சமையல் மேடையைப் போல வசதியானது வேறில்லை, அடுப்பு அணைந்திருந்தால். விளையாட்டுப் பொருள் கடைக்காரர் காலுக்கு 2 கிலோ எடையைத் தலையில் கட்டப் பார்த்தார். அரை கிலோவில் ஆரம்பித்தோம். அதைக் கட்டிவிடும்போது, "இந்த வயதில் எனக்குக் கொலுசா?" என்று அம்மா காலை இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துப் பாராட்டிய பிறகு, அவரே கேட்டுக் கட்டிக்கொள்கிறார்.

இப்போது கையை ஊன்றாமல் எழுகிறார். 19 வினாடி 14 ஆகியிருக்கிறது. பயிற்சியைக் கூட்ட வேண்டிய நேரம், ஆனால் அந்த மாணவி படிப்பு முடிந்து போய்விட்டார். செம்பூர், மாட்டுங்கா பக்கம் வீட்டுக்கு வந்து, நிற்கவைத்துப் பயிற்சி கொடுப்பவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் வேண்டாம்.