நூறு ஃபீல்டு

சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று எழுத, சில சமயம் இரண்டு நிமிஷம் போதும். ஸ்லைடை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸை இறக்கினால் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகளாகக் கிடக்கும். இல்லை என்று எழுதத்தான் நேரமாகும். 100 ஃபீல்டு பார்க்க வேண்டும். லென்ஸ் வழியே ஒரே சமயத்தில் தெரிகிற வட்டம்தான் ஒரு ஃபீல்டு. வட்டத்தை நகர்த்தி நகர்த்தி நூறையும் எண்ணி முடித்து, ஒன்றும் தென்படாவிட்டால்தான் 'நெகட்டிவ்'. நாற்பதாவதில் கண் எரியும், எழுபதாவதில் இடுப்பு வலிக்கும், வெளியே நாலு பேர் ரிப்போர்ட்டுக்கு நிற்பார்கள். அப்போதும் நூறுதான்.

கூடலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் 2006-இல் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். மருந்தே தொடக் கூடாது என்று கற்பித்த கிறிஸ்தவச் சபையில் பிறந்து வளர்ந்தவள் நான்.

தாத்தாவும் பாட்டியும் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் பெயர் வந்து, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வந்து சேர்ந்தார்கள். 'சிலோன்காரங்க' என்று ஊர் தள்ளி வைத்திருந்த காலத்தில், 'சகோதரரே' என்று கூப்பிட்டு உட்காரப் பாய் போட்டது சபை. அதை நான் மறைக்க மாட்டேன். எனக்குப் 12 வயதில் அப்பா இறந்தபோது ஒரு மாசம் எங்கள் வீட்டுக்குக் கஞ்சியும் சோறும் கொண்டுவந்தது சபைப் பெண்கள்தான்.

அப்பா மூன்று மாசம் இருமிக்கொண்டே கிடந்தார். கடைசி வாரங்களில் ரத்தம் துப்பினார். தலையில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், இரவெல்லாம் முழங்காலில் நின்றார்கள். டாக்டரிடம் போவது அவிசுவாசம். யாரும் அவரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெள்ளை உடுப்பு, காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை, தலையில் பூ இல்லை, சினிமா இல்லை. இதெல்லாம் எனக்குப் பாரமாக இருந்ததில்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பாரமாக இருந்தது ஒரே ஒரு விஷயம்: சுயபுத்தியின்மேல் சாயக் கூடாது. மனதில் ஒரு கேள்வி எழுந்தாலே அது சத்துருவின் வேலை என்று பயந்து, கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக் கேள்வியை விரட்டுவேன்.

லேப் படிப்புக்கு அனுமதி கேட்க அம்மா என்னை ஊழியக்காரர் ஐயாவிடம் கூட்டிப்போனார். வீட்டில் சம்பளம் வேண்டியிருந்தது. ஐயா வெகுநேரம் யோசித்து, "சோதனை பார்க்கிற வேலைதானே, மருந்து கொடுக்கிற வேலை இல்லையே" என்று சம்மதித்தார். சபையில் சோதனை என்றால் கர்த்தர் அனுப்புவது அல்லது பிசாசு கொண்டுவருவது. சகித்துக்கொண்டு கடக்க வேண்டியது. லேப்பில் சோதனை என்றால் நாமே உட்கார்ந்து செய்வது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று வருஷம் நடமாடினேன்.

எங்கள் பக்கம் ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விடாது. தடவி வைத்த ஸ்லைடு காயாது. மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதற்காக அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டு, அதன் சூட்டில்தான் மைக்ராஸ்கோப்பை வைப்போம். சாயத்தைச் சரியாக வடிகட்டாவிட்டால் சிவப்புத் துகள் படிந்து கிருமி போலவே கிடக்கும். எனக்கு வேலை கற்றுத்தந்த சேச்சி முதல் வாரமே சொன்னார்: "கண்ணுக்குத் தெரியறதெல்லாம் கிருமி இல்ல. முதல்ல உன் லென்ஸைப் பாரு, அப்புறம் உன் சாயத்தைப் பாரு, அப்புறம் நோயாளியைச் சொல்லு."

பார்த்த ஸ்லைடுகளைத் தூக்கி எறியக் கூடாது. வரிசையாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். மேற்பார்வையாளர்கள் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார்கள். நாங்கள் எழுதிய முடிவு என்னவென்று தெரியாமலே இன்னொருவர் அதைப் பார்ப்பார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட அன்று, என்னை நம்பவில்லையே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

2007-இல் என் ஸ்லைடு ஒன்று தப்பாகத் திரும்பி வந்தது. 100 ஃபீல்டில் 4 கிருமி என்று நான் எழுதியிருந்தேன். மறுபடி பார்த்தவர் ஒன்றுகூட இல்லை என்றார். அந்தப் பெண் கொழுந்து கிள்ளுகிறவர், கைக்குழந்தைக்காரி. அப்போது மூன்று சளி எடுப்பது வழக்கம். மற்ற இரண்டும் நெகட்டிவாக இருந்ததால் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, மருந்தைத் தொடங்காமல் நிறுத்தி வைத்திருந்தார். ஆனால் செய்தி லயத்துக்குப் போய்விட்டது. ஒரு மாசம் அவருடைய தட்டும் தம்ளரும் தனியாக இருந்தன. குழந்தையை மாமியார் தன்னிடம் படுக்க வைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் சார் வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. சபையில் தப்புச் செய்தவர் ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும், நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சார் என்னைத் திட்டவில்லை. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, "நீ வழக்கமா செய்யறபடி செய்ம்மா" என்றார். மூன்றாவது ஸ்லைடிலேயே கண்டுபிடித்துவிட்டார். எண்ணெய் விடும்போது குச்சியின் நுனி ஸ்லைடைத் தொடுகிறது. முந்தின ஆளின் கிருமி எண்ணெயோடு ஒட்டி அடுத்தவர் ஸ்லைடுக்குப் போகிறது. அன்று அந்தப் பெண்ணின் ஸ்லைடுக்கு முன்னால் பார்த்தது மூன்று பிளஸ், அதாவது கிருமி மிக அதிகமாக உள்ள ஒரு பெரியவரின் சளி. "தொடாம, மேலேருந்து விடு" என்றார். ரெஜிஸ்டரில் பிழையை எழுதி, காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டார். நான் அழுதேன். "அழறதுக்கு இதுல ஒண்ணுமில்லம்மா, எண்ணெய் விடறதை மாத்து" என்றார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று மாமியாரிடம் சொன்னேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

காசநோய் ரெஜிஸ்டரில் சிகிச்சையின் முடிவை எழுத ஒரு கட்டம் உண்டு. குணமானவர், மருந்தை முடித்தவர், பாதியில் விட்டவர், மருந்துக்குக் கேட்காதவர், இறந்தவர். எந்தப் பெயரும் முடிவு இல்லாமல் நிற்கக் கூடாது. பாதியில் விட்டவரைத் தேடி மலையேறிப் போவார்கள். செத்துப்போனவருக்கும் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சபையின் சாட்சி நேரம் எனக்குள் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் யாராவது எழுந்து சொல்வார்கள்: காய்ச்சலாகக் கிடந்தேன், ஜெபித்தார்கள், சுகமானேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சுகமானவர்தான் எழுந்து நிற்க முடியும். அப்பா எழுந்து நிற்க முடியாது. ஜெபித்தும் பிழைக்காதவர் எத்தனை பேர், ஜெபிக்காமலே பிழைத்தவர் எத்தனை பேர் என்று எழுத அங்கே கட்டமே கிடையாது.

எங்கள் லேப்பில் இன்னொரு வேலை அரிவாள் செல் சோதனை. ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடுகிற பரம்பரை நோய் அது. பணியர், குறும்பர், இருளர் என்று இந்த மலையின் பழங்குடிகளிடம் அந்த நோய் அதிகம். இந்தியாவில் முதன்முதல் அது கண்டறியப்பட்டதே 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். ரத்தத்தை ஒரு கரைசலில் கலந்து, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடித்துப் பார்ப்போம். கோடு மறைந்தால் சந்தேகம். அடுத்த சோதனைக்கு அனுப்புவோம். காலையில் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன், நோய் உண்டென்று தெரிந்த ஒரு ரத்தத்தையும் இல்லையென்று தெரிந்த ஒன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கரைசலுக்கான பவுடர் ஈரம் குடித்துக் கெட்டுவிடும். நோயுள்ள ரத்தத்திலும் கோடு தெளிவாகத் தெரிந்தால், அன்று யாருக்கும் ரிப்போர்ட் கிடையாது. எதை வைத்தாலும் ஒரே பதில் சொல்கிற கரைசலைக் கொட்டிவிடுவோம்.

2009-இல் பக்கத்து லயத்தில் மூன்று வயதுப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அடக்க ஆராதனையில், பெற்றோரின் விசுவாசத்தில் குறை இருந்தது என்று பேசினார்கள். பிழைத்திருந்தால் மகிமை, பிழைக்காவிட்டால் பெற்றோரின் குறை. முன் வரிசையில் அந்தத் தாய் தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். எந்த முடிவு வந்தாலும் இவர்கள் சொல்வது தோற்காது என்று எனக்கு அப்போது புரிந்தது. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. வெளியேறியது அவ்வளவுதான், சண்டை ஒன்றும் இல்லை.

அதன் பிறகு சித்தி, மாமா என்று கூப்பிட்டவர்கள் வழியில் பார்த்தால் 'ஸ்தோத்திரம்' சொல்வதை நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷப் பழக்கத்தில் அந்தச் சொல் என் தொண்டை வரை வந்து நிற்கும். வீடு திரும்பும்போது கதவு திறந்து கிடந்து உள்ளே யாரும் இல்லையென்றால், கர்த்தர் வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போகிற இரகசிய வருகை நடந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று குலை நடுங்கும். அம்மா தண்ணீருக்குப் போயிருப்பார். புத்திக்கு விளங்கியது வயிற்றுக்கு விளங்க ஆறேழு வருஷமானது. சபையை விட்டு வந்த யாராவது ராத்திரி இடி இடித்தால் இன்னும் பயமாக இருக்கிறது என்று சொன்னால், அவர்களிடம் நான் வாதம் பண்ணுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

வெளியே வந்துவிட்டால் சந்தேகப்படத் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது நடக்கவில்லை. ஊழியக்காரர் ஐயா காணிக்கைப் பணத்தில் நிலம் வாங்கிவிட்டார் என்று ஒருவர் சொன்னதும் அப்படியே நம்பி, நாலு பேரிடம் நானும் சொன்னேன். யார் பார்த்தது, பத்திரம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிலம் அவருடைய மச்சினர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கியது என்று பிறகு தெரிந்தது. அதை நான் நம்பியதற்குக் காரணம், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த நாலு பேரையும் தேடிப் போய்த் திருத்திச் சொன்னேன். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் டாக்டர் ஒருமுறை சொன்னது இந்த இடத்தில் எனக்கு உதவியது. ஒரு காலத்தில் காசநோய்க்கு மலைக்காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடும், நோயாளிகளை மாசக்கணக்கில் தங்கவைக்கிற சானடோரியம் என்ற ஆஸ்பத்திரியும்தான் வழி என்று வைத்தியர்களே உறுதியாக நம்பினார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் மீதிப் பேரை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலும் வைத்து ஒரே மாதிரி மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். பெரிய வைத்தியர்களின் நம்பிக்கையே தப்பாகப் போனது. அதைச் சோதிக்க விட்டார்கள், தோற்றதும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

2014 ஆகஸ்டில் ஒருநாள், லேப்பை மூடும் நேரத்துக்கு அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, ஓரம் நனைந்த குடை. ஒரு மாசமாக இருமல் என்று எனக்குத் தெரியும். எத்தனை தடவை கெஞ்சியும் வராதவர். "சபையில யாருக்கும் தெரிய வேணாம் புள்ள. உன் கையால பாரு" என்றார்.

அன்று ஒரு சளியும் மறுநாள் காலை ஒரு சளியும் எடுத்தோம். தடவினேன், காயவைத்தேன், சாயம் ஏற்றினேன். மைக்ராஸ்கோப்பில் மட்டும் நான் உட்காரவில்லை. என் கண்ணை எனக்கு நம்பிக்கை இல்லை. பயத்திலே இல்லாததைப் பார்ப்பேன், அல்லது இருப்பதைத் தாண்டிப் போவேன். ஸ்லைடில் பெயர் இருக்காது, நம்பர்தான். மற்ற ஸ்லைடுகளோடு சேர்த்துச் சேச்சியிடம் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி எதிர்ச் சுவர் மறைந்திருந்தது. சேச்சி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நம்பருக்கு, "டூ பிளஸ்" என்றார்.

அம்மாவின் பெயர் எழுதிய சிவப்புப் பெட்டி வந்தது. ஆறு மாசத்து மருந்தும் அதற்குள் இருந்தது. முதல் இரண்டு மாசம் வாரத்தில் மூன்று நாள் அங்கன்வாடி டீச்சர் முன்னால் உட்கார்ந்து ஏழு மாத்திரை விழுங்க வேண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிற வழியில் விழுங்கிவிட்டுப் போவார். முதல் வாரத்தில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து, கர்த்தர் தண்டிக்கிறார் என்று நடுங்கிப்போய் என்னிடம் ஓடிவந்தார். அது மாத்திரையின் நிறம் என்று சொல்லி, உறையைப் பிரித்து உள்ளே இருந்த சிவப்புப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் காட்டினேன். தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

ஆறாம் மாசக் கடைசியில் எடுத்த சளி நெகட்டிவ். அந்த 100 ஃபீல்டையும் சேச்சி எண்ணினார். பிறகு நானும் எண்ணினேன். அடுத்த ஞாயிறு அம்மா சபையில் எழுந்து சாட்சி சொன்னார்: கடும் இருமலிலிருந்து கர்த்தர் என்னை விடுவித்தார். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இருமுகிறவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அன்று சாயங்காலம் கேட்டேவிட்டேன். "எல்லாரும் கைதட்டினாங்க, என்னால சொல்ல முடியல" என்றார் அம்மா. பிறகு வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"அப்பாவுக்கும் இதுதானா புள்ள?"

படித்த எல்லாரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், உன் அப்பாவுக்குக் காசநோயாகத்தான் இருந்திருக்கும் என்று. நானும் ரொம்ப நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ரத்தம் துப்ப வைக்கிற நோய் வேறேயும் இருக்கிறது. நுரையீரல் புற்றாக இருக்கலாம், இதயத்து வால்வு சுருங்கியிருக்கலாம்.

"தெரியாதும்மா. யாரும் சளி எடுத்துப் பார்க்கலயே."

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"பாத்திருக்கலாம்" என்றார்.