பழைய சிட்டிக்கு ஹெடர் தேடிய எட்டு மாதம்

எங்கள் கானாடுகாத்தான் வீட்டுக் கார் கொட்டகையில் 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று நிற்கிறது. அப்பச்சி புதிதாக வாங்கிய வண்டி. 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன். இன்றைக்கு அது பெரிய எண் இல்லை. ஆனால் எடை குறைந்த உடம்பில் அந்த எஞ்சின் மேல்சுற்றுக்குப் போகும்போது வரும் குரலுக்காகவே இந்த வண்டியை விற்காமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன்.

சென்ற ஆண்டு மார்கழியில் காலை வேளைகளில் மட்டும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பத்து நிமிடம் ஓடியதும் அடங்கிவிடும். டேப்பெட் சத்தம் என்றுதான் நினைத்தேன். காரைக்குடி மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து, எஞ்சின் சூடாகும் முன்பே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மேனிஃபோல்டு விண்டுவிட்டது" என்றார். எஞ்சினின் நான்கு சிலிண்டர் புகையையும் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்புக் குழாய் அது. வார்ப்பிரும்பில் மயிரிழை விரிசல். சூட்டில் இரும்பு விரிந்ததும் விரிசல் மூடிக்கொள்கிறது, சத்தமும் நின்றுவிடுகிறது. வார்ப்பிரும்பை ஒட்டினாலும் நிற்பது சந்தேகம் என்றார். அங்கேதான் எனக்குச் சபலம் தட்டியது. எப்படியும் மாற்ற வேண்டும், அதற்குப் பதில் சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி ஸ்டீல் குழாய்கள் கொண்ட ஹெடராகவே மாட்டிவிட்டால் என்ன?

முதல் தவறை உடனே செய்தேன். இணையத்தில் ஒரு கடையில் நான்கு குழாயும் ஒரே இடத்தில் கூடும் '4-1' வகை ஹெடர் ஒன்றை வாங்கினேன். '304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எழுதியிருந்தது. கண்ணாடிபோல் பளபளத்தது. வெல்டிங் ஓரங்களில் நீலமும் பொன்னிறமுமாக மின்னியது. அதைப் பார்த்து மயங்கினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதை மாட்டும் முன்பே அதன் குட்டு உடைந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு ஐயா. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அரிப்பும் துருவும்தான் அங்கே அவருக்கு அன்றாடம். திண்ணையில் ஹெடரை வைத்துக் காந்தத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டவில்லை. "அப்படியென்றால் 304தானே, ஐயா?" என்றேன்.

"202லும் காந்தம் ஒட்டாது, தம்பி" என்றவர், வீட்டுக்குள் போய் ஒரு சின்ன பாட்டிலும் பேட்டரியும் எடுத்துவந்தார். எவர்சில்வர் பாத்திரக் கடைகளில் தரம் பார்க்கப் பயன்படுத்தும் அதே திரவம். குழாயில் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைச் சொட்டிலும் தொட்டார். சில விநாடிகளில் சொட்டு வெற்றிலை எச்சில்போலச் சிவந்தது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202. பாத்திரத்துக்கு அதுவே போதும். சிவக்கச் சூடாகும் புகைக்குழாய்க்குப் போதாது.

அதோடு விடவில்லை. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். வெளியே நீலமும் பொன்னுமாக இருந்த அதே வெல்டிங், உள்ளே அடிப்பிடித்த பணியாரம்போல் கருத்துப் பொரிந்து கிடந்தது. ஆர்கான் வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்பக்கத்துக்கும் ஆர்கானைச் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்றுப் பட்டு இப்படித்தான் ஆகும், விரிசலும் முதலில் அங்கேதான் விழும். கடைக்காரர் பாதிப் பணம்தான் திருப்பித் தந்தார்.

இரண்டாம் முறை கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் அளவு எதையும் கேட்கவில்லை. "உங்கள் ஆர்.பி.எம். முள் பெரும்பாலும் எங்கே நிற்கும்?" என்றுதான் முதலில் கேட்டார். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் முள் அது. எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து ஒரு வாரம் கவனித்தேன். புதுக்கோட்டைச் சாலையில் திருமயம் கோட்டையைத் தாண்டி 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் 3000ஐ ஒட்டி நின்றது. ஊருக்குள் 2000. மேல்சுற்றுக் குரலுக்காக உயிரை விடும் நான், 6000ஐத் தொட்டது அந்த வாரத்தில் இரண்டே தடவை.

அத்தோடு 4-1 ஆசை போய்விட்டது. அது மேல்சுற்றில் மூச்சு வாங்கும் வகை. நடுச்சுற்றில் இழுவை வேண்டுமென்றால் நீளக் குழாய்களுடன் 4-2-1. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. 1ஐயும் 4ஐயும் ஒரு குழாயில் சேர்த்து, 2ஐயும் 3ஐயும் இன்னொன்றில் சேர்த்தால், ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கும். ஒருவர் விடும் புகை இன்னொருவர் வாசலை அடைக்காது. வேகமாகப் போகும் புகை தன் பின்னால் விடும் வெற்றிடம், அடுத்து வருவதை இழுத்துக்கொள்ளும்.

குழாயின் விட்டத்தில் இன்னும் பெரிதாகக் கேட்டேன். அவர் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டவே இல்லை. 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அகலக் குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து, கிடைக்க வேண்டிய இழுவையும் போய்விடுமாம். எஞ்சின் தலையில் பொருந்தும் பட்டையை மட்டும் நல்ல கனமாக, 10 மில்லிமீட்டரில் வெட்டினார். மெலிந்த பட்டை சூட்டில் வளைந்து கேஸ்கெட்டைத் தின்றுவிடும்.

புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சர் பழைய இடத்திலிருந்து ரொம்பத் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொண்டார். தூரம் கூடினால் சென்சர் சூடாக நேரமாகும். சென்சருக்கு முன்னால் குழாயில் எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், எஞ்சின் கணினி பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றும். ஹெடர் மாட்டியபின் மைலேஜ் விழுந்தது என்று புலம்புபவர்கள் முதலில் இந்தக் கசிவைத்தான் பார்க்க வேண்டும்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றவா என்று பட்டறைப் பையன் ஒருவன் கேட்டான். வேண்டாம் என்றேன். சத்தமும் புகையும் வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதைவிட, வளவு வரைக்கும் எதிரொலிக்கும் சைலன்சர் சத்தத்துக்கு ஆத்தாவிடம் பதில் சொல்ல என்னால் ஆகாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதாரண இரும்பைவிட அதிகம் விரியும். அறுபது சென்டிமீட்டர் குழாய் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீள்கிறது. அதற்கு இடம்கொடுக்கக் கூடுமிடத்தில் செருகு இணைப்பும், அதற்குக் கீழே, வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாயான பெல்லோவும் வைத்தார். சூடு வெளியே பரவாமல் குழாய்க்குத் துணி சுற்றவா என்று கேட்டேன். மழை ஈரத்தைப் பிடித்துவைத்து வெளியிலிருந்து அரிக்கும் என்று பக்கத்து வீட்டு ஐயா ஏற்கெனவே சொல்லியிருந்ததையே அவரும் சொன்னார்.

மாட்டி முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கினோம், இரண்டு தளர்ந்திருந்தன. நான்காம் கியரில் 40லிருந்து 80ஐத் தொட முன்பைவிட ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் மிச்சமாகிறது. கொடுத்த பணத்துக்கு இது கொஞ்சம்தான். ஆனால் லாரியை முந்த மூன்றாம் கியருக்கு இறங்கும் தேவை பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் கேட்கவே மறந்துவிட்டேன். இந்த எஞ்சினில் புகைவழி ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது. நீளக் குழாய்கள் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்கும் கீழேதான் பின்னால் போக வேண்டும். பிள்ளையார்பட்டிக்கு ஐந்து பேர் ஏறிப் போன அன்று, பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்து வேகத்தடையில் 'கர்ர்' என்று கேட்டது. இப்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் அப்பச்சி சொல்லாமலே இறங்கி, வேகத்தடையை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் கதவுக்காகக் காத்து நிற்கிறார்.